பார்ட் டைம் சிஸ்டருக்கு பி.எஃப். கிடையாதா?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் இங்கே போடவில்லை. கடிதத்தின் சுருக்கம் இது.

வயது 33. பி.எஸ்சி. நர்சிங் படித்தவர். திருநெல்வேலியில் 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 9 வருடம் 4 மாதமாக வேலை. ஏழு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு இப்போது ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமில் இருக்கிறார். வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ, பி.பி. இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வார்டு சிஸ்டர் கூப்பிட்ட சில நிமிடத்தில் போய் நிற்க வேண்டும். நிலைமை கோட் ப்ளூ வரை, அதாவது இதயமோ மூச்சோ நின்றுபோகும் கட்டம் வரை போகாமல் தடுக்க வேண்டும். தனியாக ஒதுக்கிய நோயாளிகள் யாரும் கிடையாது, ஆனால் மொத்த ஆஸ்பத்திரியும் தலைமேல் இருக்கும்.

சம்பளம் 32,000 ரூபாய், அதில் பேசிக் 22,000. மூன்று வயதில் ஒரு மகன். கணவர் அம்பையில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஆடி மாதம் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஈவினிங் டூட்டி முடித்து பஸ் பிடித்து வீடு சேர இரவு பத்தரை ஆகிறது. எனவே வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். நிர்வாகம் ஒத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டியது. ராஜினாமா செய்துவிட்டு ‘கன்சல்டன்ட் நர்ஸ்’ என்ற பெயரில் வர வேண்டும். மாதம் 16,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு எதுவும் கிடையாது. மற்ற நாட்களில் கூப்பிட்டால் வர வேண்டிய ‘ஆன் கால்’ உண்டு. அவர் வேலையால் மருத்துவமனைக்கு ஏற்படும் எந்த இழப்பையும் அவரே ஈடுகட்ட வேண்டும். இரண்டு வருட பாண்டு. அது முடியும்வரை ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் அவர்களிடமே இருக்கும்.

“பாதி நாள் வர்ற ஆளுக்கு பி.எஃப்.னு எந்தச் சட்டத்துல இருக்கு சிஸ்டர்?” என்று கேட்டிருக்கிறார் ஹெச்.ஆர். டீமில் உள்ளவர்கள் ‘அரை சிஸ்டர்’ என்று கேலி பண்ணுகிறார்கள். கணவரோ “பேசாம வேலைய விட்டுரு” என்கிறார். சின்னப் பிள்ளை உள்ள தாய் கேட்டால் பார்ட் டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக ஒரு தோழி சொன்னாராம். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பார்ட் டைம் ஆள் தலையில்தான் கேஸ் விழும் என்ற பயம் வேறு. முக்கூடலில் பீடி சுற்றும் அம்மா மட்டும், “ஏட்டி, எனக்கே பி.எஃப். இருக்கு, ஒனக்கு இல்லன்னு எப்படிச் சொல்லுதான்?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

இத்தனை பேரில் சட்டம் தெரிந்து பேசியிருப்பது உங்கள் அம்மாதான்.

பீடி சுற்றும் பெண்கள் கம்பெனிக்குப் போய் வேலை பார்ப்பதில்லை. இலையும் தூளும் வாங்கி வந்து, சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, மணிக்கணக்கே கிடையாது. இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்ல, பி.எஃப். கட்ட மாட்டோம் என்று பீடி முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டில் இருந்து சுற்றினாலும் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு என்று தீர்ப்பு வந்தது. அம்மாவின் கணக்கில் இன்று பணம் இருப்பது அதனால்தான். திண்ணையில் உட்கார்ந்து சுற்றியவருக்கு உள்ள உரிமை, யூனிஃபார்ம் போட்டு ரோஸ்டரில் கையெழுத்திட்டு வாரம் 24 மணி நேரம் வேலை பார்க்கும் மகளுக்கு இல்லாமல் போகுமா?

பி.எஃப். சட்டம் ‘ஊழியர்’ என்று சொல்வது, நிறுவனத்தின் வேலைக்காகச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட எவரையும். முழு நேரமா அரை நேரமா என்று அது பிரிக்கவில்லை. புதிதாகச் சேரும் ஒருவரின் பி.எஃப். சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் விலக்கு கேட்கலாம் என்று ஒரு வழி உண்டு. உங்களுக்கு அதுவும் பொருந்தாது. நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர். மேலும் பாதி நேரத்துக்கு உங்கள் பேசிக் 11,000-தான் வரும்.

தாளில் ‘கன்சல்டன்ட்’ என்று போட்டுவிட்டால் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. டூட்டி நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், யாருடைய உத்தரவில் வேலை நடக்கிறது, உங்களுக்குப் பதில் இன்னொருவரை நீங்களே அனுப்ப முடியுமா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ‘நான் ஊழியர்தான்’ என்று நிரூபிக்க வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். போடாமல் இருப்பது எளிது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம்

ஊழியராகவே பாதி நேரம் வேலை பார்த்தால் 16,000-இல் உங்கள் பி.எஃப். பங்கு, 11,000-க்கு 12 சதவீதம், 1,320. சம்பளம் 21,000 வரம்புக்குக் கீழே வந்துவிடுவதால் இ.எஸ்.ஐ.யும் வரும். அதில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முழு 16,000-க்கும் கணக்கிட்டாலும் 120 ரூபாய். கைக்கு 14,560 வரும். கன்சல்டன்ட் என்றால் 10 சதவீதம் வருமான வரி பிடித்து 14,400 தருவார்கள். ரிட்டர்ன் போட்டு அந்த வரியைத் திரும்ப வாங்கலாம், உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் சேமிப்பு என்று ஒரு பைசா இல்லை. இந்தப் பக்கம் மாதம் 2,640 உங்கள் பெயரில் பி.எஃப்.புக்கும் பென்ஷன் திட்டத்துக்குமாகப் போகிறது.

மருத்துவமனைக்கு ஆகும் செலவு? பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் என்றால் அதிகபட்சம் 520. ஆக ஏறத்தாழ 1,840 ரூபாய். இத்தனை நிபந்தனையும் இந்தத் தொகைக்காகத்தான். இதைத் தெரிந்துகொண்டு பேசப் போனால் உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இ.எஸ்.ஐ. வந்தால் உங்கள் வீட்டுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பெண் ஊழியரின் குடும்பம் என்றால் அவரைச் சார்ந்திருக்கும் மாமனார் மாமியாரும் சேர்த்தி. வருமான வரம்பு உண்டு. உங்கள் அத்தை அதற்குள் வருவாரா என்று விசாரியுங்கள். வந்தால், பக்கவாதத்துக்கான தொடர் சிகிச்சை உங்கள் பெயரிலேயே நடக்கலாம்.

அடுத்தது பென்ஷன். நீங்கள் சேர்ந்தபோது பேசிக் 8,000, அதாவது 15,000 வரம்புக்குள் என்று எழுதியிருப்பதால் பென்ஷன் திட்டத்திலும் இருக்கிறீர்கள். மாத பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சத்தை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஒன்பதரை வருடம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். இந்த நேரம் பார்த்து ராஜினாமா எழுதச் சொல்வது தற்செயலாகவே இருக்கட்டும், நீங்கள் எழுத வேண்டாம். எந்த வழியில் போனாலும், செலவுக்கு என்று பி.எஃப். பணத்தை முழுதாக எடுத்து பென்ஷன் கணக்கை முடித்துவிடாதீர்கள். அதே எண்ணில் தொடர்ந்தால் பழைய சேவையும் புதிய சேவையும் சேரும்.

கிராஜுவிட்டியில் ஒரு பள்ளம்

இதை ஹெச்.ஆர். சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தட்டுப்பட்டது இதுதான்.

கிராஜுவிட்டியை, அதாவது விலகும்போது தரும் பணிக்கொடையை, கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில். அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். இன்று விலகினால் 22,000-க்கு 9 வருடம், ஏறத்தாழ 1,14,230 ரூபாய். ஊழியராகவே பாதி நேரத்துக்கு மாறிவிட்டு அடுத்த மாதம் விலகினால் 11,000-தான் கடைசிச் சம்பளம் என்பார்கள், 57,115 ஆகிவிடும். ஒன்பது வருடம் நைட்டும் டபுள் டூட்டியும் பார்த்து உழைத்ததில் பாதி காணாமல் போகும். உடல் ஊனத்தால் குறைந்த சம்பளத்துக்கு மாறியவருக்கு மட்டும், முந்தைய காலத்தைப் பழைய சம்பளத்திலேயே கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொந்தக் காரணத்துக்காக நேரத்தைக் குறைத்துக்கொள்பவருக்கு அப்படிப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு வழி இருக்கிறது. ‘இந்தத் தேதி வரையிலான சேவைக்கு முழு நேரச் சம்பளத்தின்படியும், அதற்குப் பிறகான சேவைக்கு அப்போதைய சம்பளத்தின்படியும் கிராஜுவிட்டி வழங்கப்படும்’ என்று மாற்று உத்தரவிலேயே ஒரு வரி எழுதி வாங்குவது முதல் வழி. அதோடு, வாரம் மூன்று நாள் என்பதால் வருடத்தில் வேலை நாள் குறைந்தாலும் சேவை தொடர்ச்சியானதாகவே கருதப்படும் என்றும் எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு 240 நாள் வேலை வேண்டும் என்ற கணக்கைக் காட்டி மறுக்க இடம் இருக்கக் கூடாது. இதற்கு ஒத்துவராவிட்டால் இரண்டாவது வழி: அந்த இரண்டு மாதம் கழிந்த பிறகு ராஜினாமா செய்து, கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு, புதிய ‘பகுதி நேர ஊழியர்’ உத்தரவில் சேருவது. பணத்தை 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த வழியில் புதிய சேவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கிறது.

தோழி சொன்ன சட்டம்

அப்படி ஒன்று இல்லை. இந்தியாவில் தனியார் மருத்துவமனை ஊழியர் பார்ட் டைம் வேலையை உரிமையாகக் கேட்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு பிரிவு வந்தது. அவர் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். நாடி பிடிக்கும் வேலைக்கு அது உதவாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டப்படி உள்ளது. உங்கள் மகனுக்கு அந்த வயதுதான். ஆனால் தினமும் அம்பையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

ஆக, இது கேட்டுப் பெறுவது. மிரட்டிப் பெற முடியாது. பிரசவ லீவு முடிந்து திரும்பும் இன்னொரு சிஸ்டரும் குறைந்த நாள் வர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கையில் உள்ள நல்ல துருப்புச் சீட்டு அதுதான். நீங்கள் மூன்று நாள், அவர் மூன்று நாள் என்றால் நிர்வாகத்துக்கு ஒரு முழு ஆள். இருவரும் சேர்ந்து நர்சிங் சூப்பிரண்டிடம் போங்கள், ஹெச்.ஆரிடம் அப்புறம் போகலாம். ஐ.சி.யூ. தெரிந்த ஒரு சிஸ்டரை இழந்தால் இன்னொருவரைத் தயார் பண்ண எத்தனை மாதம் ஆகும் என்பது சூப்பிரண்டுக்குத் தெரியும்.

நாட்களை நிலையாகக் கேளுங்கள். திங்கள், செவ்வாய், புதன் என்றால் அதுவேதான். வாரத்துக்கு வாரம் ரோஸ்டர் மாறினால் அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய முடியாது, பார்ட் டைம் வாங்கியதற்கே அர்த்தம் இருக்காது.

‘ஆன் கால்’ நிபந்தனை எனக்குப் புரியவே இல்லை. இந்த மாதிரி டீமை 1990-இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் தொடங்கினார்கள். இதயம் நின்ற பிறகு ஓடுவதற்குப் பதில், உடம்பு இறங்க ஆரம்பிக்கும்போதே போய்விட வேண்டும் என்பதற்காகத்தான். அம்பையிலிருந்து பஸ் ஏறி வரும் சிஸ்டரால் அது நடக்குமா? அந்த வரியின் உண்மையான பொருள், ஆள் குறையும் நாளெல்லாம் உங்களை இழுத்துக்கொள்ளலாம் என்பதுதான். அதை அடித்துவிட்டு, ‘கூடுதல் ஷிப்டு இருவரும் சம்மதித்தால் மட்டும், அதற்குத் தனி ஊதியம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

கேஸ் வந்தால்

பார்ட் டைம் என்பதால் பழி உங்கள் மேல் விழும் என்பது தவறான பயம். 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியரோ வருகை தருபவரோ, மருத்துவமனைதான் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்த்துவிட்டது. சிக்கல் வருவது அந்த ‘இழப்பை நானே ஈடுகட்டுவேன்’ என்ற வரியால்தான். நோயாளிக்கு மருத்துவமனை கட்டிய நஷ்ட ஈட்டை உங்களிடம் கேட்க அது வழிவிடும். என்ன ஆனாலும் அதில் கையெழுத்து வேண்டாம்.

குற்ற வழக்கு விஷயத்தில் ஆறுதலுக்காக எதையும் மறைக்க மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் என்றால் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, மற்றவர்களுக்கு 5 ஆண்டு. நர்ஸ் அந்த ‘மருத்துவர்’ விளக்கத்துக்குள் வரவில்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் முழு நேர சிஸ்டருக்கும் இதே நிலைதான். சாதாரணத் தவறு போதாது, பெரும் அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவர்களுக்கு வைத்த அளவுகோலைத்தான் நர்ஸ்களுக்காகவும் நாங்கள் வாதாடுகிறோம்.

உங்களைக் காப்பாற்றுவது உங்கள் சார்ட்தான். உங்கள் ஆஸ்பத்திரியில், நோயாளியின் நிலை மோசமாவதை எண்ணில் காட்டும் இங்கிலாந்தின் ‘நியூஸ்’ (NEWS) மதிப்பெண் தாளைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். 5 வந்தால் உடனே பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம் என்பது உங்களுக்குத் தெரியும். 7 என்று எழுதிவிட்டு, எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட்டோம் என்று எழுதாத தாள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு விருந்து. கூப்பிட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், டூட்டி டாக்டர் பெயர், போனில் அவர் சொன்ன மருந்து, அளவு எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். டாக்டர் வரும் முன் ஆக்சிஜன், டிரிப் என்று நீங்களாகவே எதுவரை செய்யலாம் என்ற நிலையாணையை மருத்துவ இயக்குநர் கையெழுத்தோடு கேளுங்கள். மூன்று நாள் மட்டும் வருபவர் மற்ற நாட்களில் மாறியதைத் தெரிந்துகொள்ள, முந்தைய ஷிப்டிடமிருந்து ஓவர் எடுக்கும்போது எமர்ஜென்சி டிராலியை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். இதயம் நின்றால் உயிர்காக்கும் பயிற்சிக்கான ஏ.சி.எல்.எஸ். சான்று இரண்டு வருடத்தில் காலாவதியாகும். அந்தக் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் உத்தரவில் வரட்டும்.

வேலையை விட்டுவிடச் சொல்லும் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் உங்கள் அலைச்சலைப் பார்த்துச் சொல்கிறார், அதில் குற்றம் இல்லை. அத்தைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தீர்களா? வெளிநாட்டு யோசனை பின்னால் வரலாம் என்றால், அனுபவச் சான்றில் முழு நேரக் காலத்தையும் பகுதி நேரக் காலத்தையும் தேதியோடு பிரித்து எழுதி வாங்குங்கள். ‘அரை சிஸ்டர்’ என்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் ஒருநாள் இந்தத் தாள் வரும்.

பாண்டு எல்லாமே செல்லாது என்று நினைக்காதீர்கள். வேலையில் இருக்கும் காலத்துக்கான நியாயமான பாண்டை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில் ஏற்றிருக்கிறது. ஆனால் உங்களுக்காக அவர்கள் புதிதாக எந்தப் பயிற்சிச் செலவும் செய்யவில்லை. எதற்கு ஈடாக பாண்டு என்று கேளுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, மீறினால்கூட நியாயமான இழப்பீட்டைத்தான் கோர முடியும்.

சர்டிபிகேட் விஷயம் வேறு. அவை உங்கள் சொத்து. பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அதை இந்தப் பேரத்தோடு கலக்காமல், சரிபார்ப்பு முடிந்ததால் திருப்பித் தரவும் என்று இரண்டு வரியில் தனிக் கடிதமாக ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நியமன உத்தரவு, கடைசி ஆறு மாத சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் பிரிண்ட், அவர்கள் நீட்டிய அந்தத் தாளின் நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். நகல் தர மறுத்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.